கடலெண்ணெயில் பொரித்த முறுக்கில் கடலை இல்லையா?

கேள்வி:

"சென்னிமலைக்குப் பக்கத்தில் பலகாரத் தொழில் செய்கிறோம். அரிசி முறுக்கு, தட்டுவடை, மிக்சர், கடலை உருண்டை, எள்ளுருண்டை என்று ஐந்து வகை. எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். எல்லா வேலையும் ஒரே ஷெட்டில்தான். லண்டனில் தமிழ்க் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற ஒருவர் எங்கள் முறுக்கைக் கேட்கிறார். அலர்ஜி பற்றி ஒன்பது பக்கக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். ஏஜென்ட், 'எல்லாத்துலயும் எல்லாம் இருக்கலாம்னு அடிச்சுப்போடுங்க்கா, வேலை முடிஞ்சுது' என்கிறார். தனி ரூம் கட்டச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர், 'நம்மூர்ல ஆருக்கு அம்மிணி கள்ளக்காய் ஒத்துக்காமப் போயிருக்குது?' என்று சிரிக்கிறார். இதற்கு நடுவில் போன மாதம் திருப்பூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, எங்கள் முறுக்கைத் தின்ற பையனுக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்றார். முறுக்கில் நாங்கள் கடலையே போடுவதில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சொன்னது சரிதானா? காலிப் பவுச் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்."

ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கேள்வித்தாள் கிடக்கட்டும். முதலில் அந்தத் திருப்பூர் அம்மாவுக்கு மறுபடி போன் போடுங்கள். பையன் எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை நிமிடத்தில் உதடு வீங்கியது, கூட வேறென்ன சாப்பிட்டான், இதற்கு முன் கடலை மிட்டாயோ பாலோ முட்டையோ சாப்பிட்டு இப்படி ஆனதுண்டா, பவுச்சில் பேட்ச் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீதி முறுக்கு இருந்தால் வாங்கி, கட்டி, தேதி எழுதி வையுங்கள். பையனை அலர்ஜி பார்க்கிற டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்த முறை உதட்டோடு நின்றது அடுத்த முறை மூச்சுத்திணறலாக வரலாம். அப்போது வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அட்ரினலின் ஊசி போட வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும். இதை அவர்களுக்குத் தெரிந்த டாக்டர் வாயால் கேட்பது நல்லது.

பையனுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களோ நானோ இங்கே உட்கார்ந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன பதில் சரியில்லை. அதை மறுப்பது நீங்கள் அனுப்பிய பவுச்சேதான்.

பவுச்சை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'மரச்செக்குக் கடலெண்ணெயில் பொரித்தது' என்று இருக்கிறது. பின்பக்கம் சேர்மானத்தில் அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம், உப்பு, கடைசியில் 'தாவர எண்ணெய்'. முன்பக்கம் பெருமையாகச் சொன்னதைப் பின்பக்கம் ஏன் மறைக்கிறீர்கள்? எந்த எண்ணெய் என்று பெயர் சொல்லித்தான் போட வேண்டும் என்பது நம் நாட்டு லேபிள் விதி. மறைக்க நினைத்து இப்படிச் செய்திருக்க மாட்டீர்கள். ரோல் அச்சடித்தவர் வேறு யாருடைய டிசைனையோ எடுத்துப் போட்டிருப்பார். ஆனால் கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய் பின்பக்கத்தைத்தான் படிப்பார்.

செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் இருக்கும். அலர்ஜியைக் கிளப்புவது புரதம், கொழுப்பு அல்ல. ரீஃபைன்ட் எண்ணெயைக் காஸ்டிக் சோடா போட்டு, வெளுத்து, ஆவியில் வாடை எடுக்கும்போது புரதம் ஏறக்குறைய முழுக்கப் போய்விடுகிறது. செக்கில் ஆட்டி, படிய வைத்து, துணியில் வடிகட்டுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பிண்ணாக்குத் துகள் அதில் மிதக்கத்தான் செய்யும். 1997இல் பிரிட்டனில் கடலை அலர்ஜி உள்ள 60 பேருக்கு இரண்டு எண்ணெயையும் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்திகரித்த எண்ணெய் ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. சுத்திகரிக்காத எண்ணெய் 6 பேருக்கு ஒவ்வாமையைக் கிளப்பியது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதியில் எண்ணெய்களுக்கு அலர்ஜி அறிவிப்பிலிருந்து விலக்கு இருக்கிறது. செக்கு எண்ணெய் விஷயத்தில் அந்த விலக்கில் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. லண்டனுக்கு என்றால் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கடலெண்ணெய் ரீஃபைன்ட் ஆனாலும் 'நிலக்கடலை' என்று காட்டியே ஆக வேண்டும்.

இத்தோடு முடியவில்லை. உங்கள் சட்டியில் மிக்சருக்கான கடலையும் பொரிகிறதா என்று கடிதத்தில் இல்லை. ஒரே ஷெட், ஐந்து வகை என்றால் பொரிகிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். புரதம் எண்ணெயில் கரையாது, ஆனால் பொடியாக மிதந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் துணியில் வடிகட்டினால் பெரிய கசடு நிற்கும், நுண்ணியது இறங்கிவிடும். வறுத்தாலும் பொரித்தாலும் கடலையின் வீரியம் போய்விடாது. வறுத்த கடலையின் சில புரதங்கள் இன்னும் மோசமாகப் பிடித்துக்கொள்கின்றன என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. 'அதான் கொதிக்கிற எண்ணெய்ல போடறமே, எல்லாம் செத்துப்போகும்' என்று பல பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். சாவது கிருமி. புரதத்துக்கு அந்தக் கணக்கு இல்லை.

பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறையில் சட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஜல்லிக் கரண்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். காம்பும் தட்டும் சேருகிற இடத்தில், வெல்டிங் சந்தில், பாதிக் கடலை ஒன்று கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. குச்சியால் நெம்பியும் வரவில்லை. அதற்குக் கீழே எத்தனை நாள் கடலை இருந்ததோ! ஒரு நிலக்கடலைப் பருப்பு சுமார் அரை கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அதில் கால் பங்கு புரதம், அதாவது ஏறத்தாழ 125 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2021இல் கூட்டிய நிபுணர் குழு, ஒரு வேளை சாப்பாட்டில் கடலைப் புரதத்துக்குச் சொன்ன அளவு 2 மில்லிகிராம். அதற்குள் இருந்தால் கடலை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே தெரிகிற அறிகுறி வராது என்பது அவர்கள் கணக்கு. ஒரு பருப்பை அறுபது துண்டாக்கினால் ஒரு துண்டில் இருப்பது அந்த அளவு. பால், முட்டை, எள்ளுக்கும் அதே 2தான். கோதுமைக்கு 5. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதையும் சொல்ல வேண்டும். கடலை அலர்ஜி நம் பக்கம் மேல்நாட்டு அளவுக்குப் பேசப்படுவதில்லை. அதில் ஒரு பங்கு, நாம் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பதால். உடம்பு தடித்தால் காணாக்கடி என்போம். வெற்றிலையில் மிளகை வைத்து மெல்லக் கொடுப்போம். தடிப்பு தானாக அடங்கினால் வைத்தியம் பலித்தது என்று விட்டுவிடுவோம். எதைத் தின்ற பிறகு தடித்தது என்று எழுதி வைத்த வீடு எத்தனை?

இனி உங்கள் பவுச்சில் இருக்கிற இரண்டாவது சிக்கல். முன்பக்க மூலையில் பச்சை வட்டத்துக்குள் 'குளூட்டன் ஃப்ரீ', அதாவது கோதுமை வகைத் தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாதது என்று இருக்கிறது. அரிசி முறுக்குதானே என்ற தைரியம். உங்கள் பெருங்காய டப்பாவை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பாலோடு கோந்தும் மாவும் சேர்த்துக் கட்டியது, அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா. அரிசி மாவில் கட்டியதும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். அடுத்தது அரிசியை எங்கே அரைக்கிறீர்கள் என்பது. ஊர் மில்லில் என்றால், உங்களுக்கு முன்னால் அரைத்தவர் கோதுமை கொண்டுவந்திருப்பார். மிஷின் வாயிலும் பையிலும் தங்கின மாவு உங்கள் மாவோடு வரும். குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கேயும் அதே அளவுதான், வெளிநாட்டிலும் பெரும்பாலும் அதேதான். சொந்தமாக மாவு மிஷின் போட்டு, பெருங்காயத்தை மாற்றி, லேபில் சோதித்துக் காட்டினால் ஒழிய அந்தப் பச்சை வட்டத்தை எடுத்துவிடுங்கள். யாரும் கேட்காமல் நீங்களாகவே போய் மாட்டிக்கொள்கிற வாக்குறுதி அது. குளூட்டன் ஆகாத சீலியாக் நோயாளிக்கு உதடு வீங்காது. குடல் உள்ளுக்குள் கெடும், போன் வராது.

இப்போது பட்டியலைப் பார்ப்போம். நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி அறிவிக்க வேண்டியவை: குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ஓட்ஸ் வகைத் தானியங்கள், இறால், நண்டு வகை, பாலும் பால் பொருள்களும், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட். பிரிட்டனில், ஐரோப்பாவில் போலவே, 14 வகை. நம் பட்டியலில் இல்லாத எள், கடுகு, செலரி, லூபின் என்ற பயறு, நத்தை கணவாய் வகை அங்கே உண்டு. அமெரிக்கா 2023 ஜனவரி 1 முதல் எள்ளைச் சேர்த்துக்கொண்டது. எள் என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். 2016இல் லண்டனிலிருந்து விமானத்தில் போன நடாஷா எட்னான்-லபெரூஸ் என்ற 15 வயதுப் பெண், ரொட்டி மாவுக்குள்ளேயே கலந்திருந்த எள் கண்ணில் படாமல் தின்று இறந்துபோனாள். அதன் பிறகு அங்கே சட்டமே மாறியது. முறுக்கில் நீங்கள் தூவுகிற எள் அங்கே இந்தக் கண்ணோடுதான் பார்க்கப்படும். தேங்காய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் காங்கேயம், பொள்ளாச்சிக்காரர்கள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: பிரிட்டன் பட்டியலில் தேங்காய் இல்லை. அமெரிக்காவும் 2025 ஜனவரியில் அதைக் கொட்டை வகையிலிருந்து எடுத்துவிட்டது.

சல்பைட் என்றதும் நமக்கென்ன என்று தாண்டிவிடாதீர்கள். கடலை உருண்டைக்கு வெல்லம் எங்கே வாங்குகிறீர்கள்? கவுந்தப்பாடிச் சந்தையில் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் வெல்லமும் உண்டு, கறுத்த வெல்லமும் உண்டு. அந்த மஞ்சளுக்குப் பாகில் ஹைட்ரோஸ் என்ற வெளுப்புப் பொடி விழுந்திருக்கலாம், அது விட்டுப்போவது சல்பைட். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஆகாது. கறுத்ததை வாங்குங்கள், அல்லது வெல்லத்தைச் சோதித்து 10ஐத் தொட்டாலே லேபிளில் சல்பைட் என்று போட்டுவிடுங்கள்.

ஏஜென்ட் சொன்ன யோசனைக்கு வருகிறேன். 'எல்லாம் இருக்கலாம்' என்று அடிப்பது ஒரு ரூபாய் செலவில்லாத வழி, அதனால்தான் எல்லா ஏஜென்ட்டும் அதைச் சொல்கிறார்கள். 'இருக்கலாம்' என்பது, நாம் போடவில்லை, ஆனால் எவ்வளவு கவனமாக இருந்தும் கலந்துவிட வாய்ப்பிருக்கிறது என்பதற்கான சொல். உங்கள் முறுக்கில் வெண்ணெய் இருக்கிறது, எள் இருக்கிறது, பெருங்காயம் கோதுமை மாவில் கட்டியதென்றால் கோதுமை இருக்கிறது, எண்ணெயில் கடலை இருக்கிறது. இருப்பதை இருக்கலாம் என்று எழுதுவது பொய். நண்டும் மீனும் உங்கள் ஷெட்டுக்குள் வந்ததே இல்லை. அதை இருக்கலாம் என்று எழுதுவதும் பொய்தான். பிரிட்டனில், ஆபத்தை எடைபோட்டுப் பார்த்த பிறகே, அதுவும் எந்தப் பொருள் என்று பெயர் சொல்லித்தான், அந்த வரியைப் போடச் சொல்கிறார்கள். 2024இல் இந்தியாவிலிருந்து போன கடுகுப் பொருள்களில் கடலை கலந்திருந்தது தெரிந்து, கடலை அலர்ஜி உள்ளவர்கள் கடுகு சேர்ந்த எதையும் தொட வேண்டாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவிக்க வேண்டியதாயிற்று. கடைகளிலிருந்து ஏகப்பட்ட சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். அதற்குப் பிறகு லண்டன்காரர் ஒன்பது பக்கம் அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கடலை இல்லாத முறுக்கு. எண்ணெயைத் தவிட்டு எண்ணெய்க்கோ சூரியகாந்திக்கோ மாற்ற வேண்டும். சட்டி, ஜல்லிக் கரண்டி, வடிகட்டுகிற துணி, எண்ணெய் டின் எல்லாம் தனி. கடலை உடைக்கிற வேலை ஷெட்டை விட்டே வெளியே போக வேண்டும், ஏனென்றால் தோல் ஊதும்போது பறக்கிற தூசி எங்கே போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவும் செய்து, ஒவ்வொரு பேட்சையும் சோதித்தால்தான் கடலை இல்லை என்று வாய் திறக்கலாம். மற்றொன்று, பொரிக்கிற மூன்றிலும், கடலை உருண்டையிலும், 'நிலக்கடலை உள்ளது' என்றும், கடலை போடாத எள்ளுருண்டையில் 'நிலக்கடலை இருக்கலாம்' என்றும் தைரியமாக எழுதிவிடுவது.

இப்போதைக்கு இரண்டாவதைச் செய்யுங்கள் என்பேன். கடலெண்ணெய்தான் உங்கள் முறுக்கின் ருசி, உங்கள் விளம்பரமும் அதுதான். லண்டனில் அதைத் தேடி வாங்குகிற நம் ஆள்களுக்குக் கடலை ஒரு தடையே இல்லை. கடலை ஆகாதவர்கள் வரியைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு வேண்டியதும் அந்த வரிதான். உங்களுக்கும் கடலைத் தூசியைத் துரத்துகிற வேலை பாதியாகக் குறையும். எல்லாச் சரக்கிலும் அறிவித்துவிட்ட ஒன்று ஒரு சரக்கிலிருந்து மறு சரக்குக்குப் போனால் யாரும் ஏமாறப் போவதில்லை. பையனின் தாய்க்கும் மறு போனில் இதையே சொல்லுங்கள்: எங்கள் முறுக்கில் கடலை எண்ணெய் இருக்கிறது, பாலும் எள்ளும் இருக்கின்றன, பெருங்காயம் கோதுமை மாவில் கட்டியதென்றால் கோதுமையும் இருக்கிறது, டாக்டர் சொல்லும் வரை கொடுக்காதீர்கள் என்று. அவர் கோபப்படுவார், படட்டும்.

அப்படியானால் ஷெட்டில் பாக்கி என்ன? மிக்சரில் முந்திரி போடுகிறீர்கள் என்றால் முந்திரி. அது முறுக்குக்குப் போகக் கூடாது. கடலை உருண்டையில் பாலும் கோதுமையும் இல்லை என்றால் முறுக்கு மாவு அதன் மேல் விழக் கூடாது. தட்டுவடைக்கு எள் போடவில்லை என்றால் எள்ளுருண்டைப் பலகையை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஒரு பெரிய தாளில் ஐந்து சரக்கை மேலே எழுதி, ஒவ்வொன்றிலும் என்னென்ன இருக்கிறது என்று கீழே குறித்துப் பாருங்கள். கட்டம் காலியாக இருக்கிற இடத்தில்தான் உங்களுக்கு வேலை. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். சாக்கிலும் டப்பாவிலும் 'கடலை' என்று மட்டும் எழுதுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, நிலக்கடலை என்று முழுதாக எழுதினால் புதிதாக வந்த வடநாட்டுப் பையனுக்கும் ஒருவர் சொல்லிக்கொடுக்க முடியும். எழுத்தோடு நிறமும் இருந்தால் இன்னும் நல்லது: முந்திரிக்குச் சிவப்புக் கரண்டி, எள்ளுக்கு மஞ்சள்.

வேலையை அடுக்குகிற வரிசையில்தான் பாதித் தீர்வு இருக்கிறது. காலையில் சேர்மானம் குறைந்த சரக்கு, கடைசியில் முந்திரி மிக்சர், அதற்குப் பிறகு கழுவல். எள்ளுருண்டைக்கு ஒரு தனி நாள், அதுவும் வாரக் கழுவலுக்கு முந்தின நாள். மிக்சரில் உதிர்ந்த தூள், உடைசல், கடையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட் எதுவும் முறுக்கு மாவுக்குப் போகக் கூடாது. முறுக்கு உடைசல் மிக்சருக்குப் போகலாம், மிக்சரின் லேபிளில் முறுக்கில் உள்ள அத்தனையும் இருந்தால்.

கழுவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லாரும் தவறு செய்கிற இடம் அது. பல ஷெட்டுகளில் புளோயர் வைத்து ஊதி விடுகிறார்கள். மிஷின் சுத்தமாகிவிடும், மிஷினில் இருந்தது ஷெட் முழுக்கப் பரவிவிடும். புளோயரை விற்றுவிட்டு வேக்குவம் வாங்குங்கள். முதலில் காய்ந்தபடியே சுரண்டி, பிரஷ் போட்டு, உறிஞ்சி எடுக்க வேண்டும். மாவு இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் அது கூழாகிச் சந்துகளில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பூசணமும் வரும். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிறகு சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, முழுக்க உலர்த்துங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் வெண்ணெயின் பால் புரதம் பாத்திரத்தில் சுட்டு ஒட்டிவிடும். முறுக்கு உழக்கின் அச்சுத் துளை, மாவு பிசைகிற மிஷினின் ஷாஃப்ட் ஓரம், சீலிங் மிஷினின் புனல் இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மரப் பலகை, மூங்கில் முறம், சாக்கு இவற்றைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது. ஒவ்வொன்றையும் ஒரே சரக்குக்கு ஒதுக்கிவிடுங்கள், முடிந்தால் ஸ்டீலுக்கு மாறுங்கள்.

கண்ணுக்குச் சுத்தம் என்ற பிறகு ஸ்வாப் பட்டை. பஞ்சுக் குச்சியால் துடைத்து, திரவத்தில் முக்கி, பட்டையை வைத்தால், அலர்ஜிப் புரதம் மிச்சமிருந்தால் பத்து நிமிட வாக்கில் கோடு தெரியும். கடலை, பால், முந்திரி, எள், குளூட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை. ஏ.டி.பி. மீட்டரை இதற்குப் பதிலாக விற்கப் பார்ப்பார்கள், அது அழுக்கைக் காட்டும், அழுக்கு முந்திரியா மைதாவா என்று காட்டாது. வாங்கியதும் கழுவாத மிக்சர்ப் பலகையை முதலில் துடைத்துப் பாருங்கள், கோடு வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பட்டை உங்கள் சரக்குக்கு வேலை செய்யாது. இன்னொன்று: புரதம் அளவுக்கு மீறி இருந்தாலும் பட்டை திணறி 'இல்லை' என்று காட்டும். துடைத்த திரவத்தை நீர்த்துவிட்டு மறுபடி பார்த்தால் குட்டு வெளிப்படும். முறுக்கையே சோதிக்க வேண்டுமானால் பட்டையை நம்பாதீர்கள். கோவையில் என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரமுள்ள லேபுகள் இருக்கின்றன. புரதத்தை அளந்து சொல்கிற எலிசா முறையில், பொரித்த பண்டத்துக்கு ஏற்ற கிட்டா என்று கேட்டுக் கொடுங்கள். முந்திரி மிக்சர் ஓடி, கழுவி, அடுத்து வந்த முதல் முறுக்கு பேட்சைக் கொடுங்கள். நடுவில் எடுத்த நல்ல பேட்சைக் கொடுத்து வாங்குகிற ரிப்போர்ட் சுவரில் மாட்டத்தான் உதவும்.

ஆட்களைப் பற்றி ஒன்றுதான். கைக்கு சானிடைசர் தடவிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது புரதத்தை எடுக்காது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் எடுக்கும். மத்தியானம் முந்திரி கேக்கோ பால்கோவாவோ சாப்பிட்ட கையோடு உருண்டை பிடிக்க உட்காரக் கூடாது. சாப்பிடுகிற இடம் ஷெட்டுக்கு வெளியே, ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு.

இவ்வளவும் செய்துவிட்டு, மிக்சரை முறுக்குப் பவுச்சில் போட்டு ஒட்டினால் எல்லாம் வீண். உலகம் முழுக்க அலர்ஜிக்காகத் திரும்ப எடுக்கிற சரக்கில் பெரும் பங்கு இந்தச் சின்னத் தவறால்தான். சரக்கு மாறும்போது முந்தின ரோல், ஸ்டிக்கர், உதிரிப் பவுச் எல்லாவற்றையும் மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டு, ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த ரோல் ஏற வேண்டும். பேட்சுக்கு ஒரு பவுச் தேதி போட்டு, காலாவதி தாண்டும்வரை எடுத்து வையுங்கள். திருப்பூர் பேட்சில் ஒன்று உங்களிடம் இருந்திருந்தால் இன்று லேபுக்கு அனுப்பியிருக்கலாம்.

கேள்வித்தாளுக்கு வருவோம். தனி அறை உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். அதற்காக யாரும் உங்களை ஒதுக்கிவிட மாட்டார்கள். பக்கத்தில் வேலை வரிசை, தனிப் பாத்திரம், கழுவல் முறை, ஸ்வாப் முடிவு இவற்றை எழுதி, கழுவலையும் ஸ்வாப் முடிவையும் ஷெட்டில் எழுதி வைக்கிற உண்மையான நோட்டின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். இந்தத் தொழிலை அறிந்த வாங்குபவர் சுவரை விட அந்த நோட்டைத்தான் பார்ப்பார். பெருங்காயம், வெண்ணெய், எண்ணெய் மூன்றுக்கும் விற்கிறவரிடமிருந்து என்னென்ன சேர்மானம் என்று எழுதி வாங்கி வையுங்கள். ஊத்துக்குளி வெண்ணெய்க்காரரிடம் பேப்பர் கேட்டால் அவர் சிரிப்பார், ஒரு தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லண்டன் லேபிளுக்கு அங்கே இறக்குமதி செய்கிறவர்தான் பொறுப்பு. அங்கே சேர்மானப் பட்டியலுக்குள்ளேயே அலர்ஜிப் பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுப்பாகக் காட்ட வேண்டும், பெருங்காயத்துக்குள் இருக்கிற கோதுமை உட்பட. அவர் காட்ட வேண்டுமானால் நீங்கள் முதலில் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை தடுப்புச் சுவருக்கு இப்போது காசு போடாதீர்கள். முந்திரிக்கும் எள்ளுக்கும் தனி மேசை, தனிப் பாத்திரம், வேக்குவம், ஒரு பெட்டி ஸ்வாப் பட்டை, ஒரு லேப் சோதனை என்று இந்த வரிசையில் போங்கள். புது ரோல் அதற்குப் பிறகு. பெருங்காயம் எது, எண்ணெய் எது என்று முடிவாகாமல் அச்சகத்துக்குப் போனால் மறுபடி அச்சடிக்க நேரும். கையிலிருக்கிற பழைய ரோலில் 'குளூட்டன் ஃப்ரீ'யும் 'தாவர எண்ணெய்'யும் இருப்பதால் அதில் இனி ஒரு பவுச்சும் ஒட்ட வேண்டாம். கடைகளில் ஏற்கெனவே இருக்கிற சரக்கை என்ன செய்வது என்பதை ஈரோட்டில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம், பவுச்சைக் கையில் எடுத்துக்கொண்டு போய், நேரிலேயே கேட்டுவிடுங்கள்.